டெல்மர் க்ரோனர், ஒன்பதாம் ஆள்

வலது கையில் இடுக்கி. இடது கை ஏப்ரன் பைக்குள் ஓய்வெடுக்கிறது. கனலுக்கு மேல் கம்பி வலையில் சாசேஜ்கள் வரிசையாகக் கிடக்கின்றன. டெல்மர் க்ரோனர் அவற்றை ஒவ்வொன்றாகப் புரட்டிப் போடுகிறார், ஆனால் ஒரு தடவைகூட அவற்றைப் பார்ப்பதில்லை. கண்கள் வேலிக்கு அந்தப் பக்கம், பந்து எறியும் பிட்சர் மேல் இருக்கின்றன. உடம்பில் பேஸ்பால் சீருடை, காலில் ஆணி வைத்த காலணி, சீருடைக்கு மேல் தேவாலயப் பெண்கள் தைத்துக் கொடுத்த பூப்போட்ட ஏப்ரன். அவர் கால் மாற்றி நிற்கும்போதெல்லாம் சிமென்ட் தரையில் ஆணிகள் கரகரக்கும். கொழுப்பு சொட்டி நெருப்பு எழும்பினால், பக்கத்தில் வைத்திருக்கும் பீரில் கொஞ்சம் எடுத்துத் தெளிப்பார். அந்த பீரை அவர் குடித்து நான் பார்த்ததில்லை.

அடுப்புக்குப் பக்கத்து ஜன்னல் என்னுடையது. பன்னைப் பிளப்பது, வெங்காயம் நறுக்குவது, பீர் ஊற்றுவது, காத்திருப்பவர்களை அதட்டுவது எல்லாம் என் வேலை. “டெல்மர், உன் முறை வந்தாச்சு” என்று கூப்பிடுவதும் நான்தான். உடனே இடுக்கியை என் கையில் திணித்து, ஏப்ரனை வேலியில் தொங்கவிட்டு, பேட்டை எடுத்துக்கொண்டு நடப்பார். ஓடமாட்டார். “ஓடினா மூச்சு வாங்கும். மூச்சு வாங்கினா பந்து ஆடும்” என்பார்.

எங்கள் செயின்ட் ஓடில் ஊர் அணியில் ஒன்பதாவதாக அடிப்பவர்தான் அடுப்பைப் பார்த்துக்கொள்ள வேண்டும். யார் வைத்த வழக்கம் என்று யாருக்கும் தெரியாது. வரிசையில் ஒன்பது பேர். நன்றாக அடிப்பவர்கள் முன்னால், அடிக்க வராதவர் கடைசியில். முன்னால் எட்டுப் பேர் முடித்த பிறகுதான் அவரைக் கூப்பிடுவார்கள் என்பதால், சும்மா உட்கார்ந்திருக்கும் நேரத்தில் சாசேஜையாவது சுடட்டும் என்று ஊர் முடிவு செய்திருக்கிறது. எதிரணி அடிக்கும்போது எல்லாரையும்போல அவரும் மைதானத்தில் நின்று பந்து பிடிப்பார். நாங்கள் அடிக்கும் முறை வந்ததும் வேலிக்கு வந்து ஏப்ரனைக் கட்டிக்கொள்வார். ஒரு நாள் எங்கள் ஆட்கள் முதல் சுற்றிலேயே மளமளவென்று அடித்துத் தள்ள, வரிசை கடைசிவரை வந்துவிட்டது. டெல்மர் பதற்றத்தில் ஏப்ரனோடு போய் நின்றார். அம்பயர் ஆட்டத்தை நிறுத்தி, “அதைக் கழட்டுப்பா, எனக்குப் பசிக்குது” என்றார்.

பிழைப்புக்கு அவர் மாடுகளுக்குச் சினை ஊசி போடுகிறார். இந்த வட்டாரத்தில் அவருடைய கை படாத பால்பண்ணை இல்லை. விடியும் முன்பே அவருடைய வண்டி கிளம்பிவிடும். பின்னால் உறைபனி ஆவி கசியும் எஃகுக் கேன், அதற்குள் பெரிய பெரிய காளைகளின் வம்சம். தோள்வரை ஏறும் பிளாஸ்டிக் உறையை இடது கையில் மாட்டிக்கொண்டு மாட்டுக்குப் பின்னால் நிற்பார். மாடு முக்கும், நெருக்கும், சில வேளை அப்படியே சாய்ந்து அவரைச் சுவரோடு அழுத்தும். வாழ்நாளெல்லாம் அந்த வேலை செய்ததில் இடது தோள் தேய்ந்துவிட்டது. அறுவை செய்தே ஆக வேண்டும், செய்தால் அதற்குப் பிறகு பேட் சுழற்றுவதை மறந்துவிட வேண்டும் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். டெல்மர் அறுவையை இலையுதிர் காலத்துக்குத் தள்ளிப் போட்டார்.

“அதுக்கு முன்ன ஒரு தடவை மாநிலப் போட்டில போய் நிக்கணும், மார்லிஸ். நின்னுட்டேன்னா, அப்புறம் எங்க வேணா அறுக்கட்டும்” என்று கோடைத் தொடக்கத்தில் என்னிடம் சொன்னார். அவர் ஆடிய காலத்தில் எங்கள் அணி ஒரு முறைகூட மாநிலப் போட்டிக்குப் போனதில்லை. பக்கத்து ஊரான ராஷ்பர்க் எப்போதும் குறுக்கே நிற்கும்.

இத்தனைக்கும் அவர் அடிக்கத் தெரியாதவர் என்று ஊருக்கே தெரியும். சொல்ல வருத்தமாக இருந்தாலும் உண்மை அதுதான். அவர் பேட்டைக் கையில் எடுத்தால்தான் என் ஜன்னலில் கூட்டம் சேரும்; பார்வையாளர்கள் பீர் வாங்கவும் கழிப்பறைக்குப் போகவும் அதுதான் தோதான நேரம். எதிரூர்க்காரர்கள் விடமாட்டார்கள். “டெல்மர், கையுறை போட்டியா?” என்று ஒருவன் கத்துவான். “எங்க செவலைக்கு இன்னும் பிடிக்கலப்பா” என்று இன்னொருவன் தொடங்குவான். டெல்மர் திரும்பியும் பார்க்காமல், “மூணு வாரம் பொறு, தெரியும்” என்பார். ஊசி போட்ட மாடு சினை பிடித்ததா என்று மூன்று வாரத்தில்தான் தெரியும்; மாட்டுக்காரர்களுக்கு இதைவிடப் பொருத்தமான பதில் கிடையாது. அடுத்த நொடி அவர் அவுட். மூன்று பேஸ்களையும், அதாவது தரையில் பதித்த வெள்ளைத் திண்டுகளை, மிதித்துச் சுற்றி அடித்த இடத்துக்கே வந்தால்தான் ஒரு ஓட்டம்; அவுட் என்று தெரிந்த பிறகும் இவர் முதல் பேஸ்வரை முழு வேகத்தில் ஓடிவிட்டுத்தான் திரும்புவார்.

கடைசி ஆள் என்பதில் அவருக்குக் கொஞ்சமும் வெட்கம் கிடையாது. அதற்கு அவரிடம் தனிக் கணக்கு ஒன்று உண்டு. “ஒன்பதாவது ஆளுக்கு அடுத்து யாரு வர்றான்? முதல் ஆளு. அப்போ நான் முதல் ஆளுக்கும் முன்னாடி ஆளு. நான் போய் பேஸ்ல நின்னாத்தான் அவன் அடிக்கிறதுக்கு அர்த்தம்.” எங்கள் அணி மேனேஜர் மெர்ல் டிட்ரிச் இதைக் கேட்டுவிட்டு, “அப்போ வண்டியோட பின் சக்கரம் அடுத்த வண்டிக்கு முன் சக்கரமாடா?” என்று கேட்டார். டெல்மர் யோசித்துப் பார்த்து, ரயிலில் அப்படித்தான் என்றார்.

இந்தக் கோடையில் அவர் அடிக்க ஆரம்பித்தார்.

முதலில் யாரும் நம்பவில்லை. ஒரு நாள் அடித்தார், குருட்டு அதிர்ஷ்டம் என்றார்கள். மறு ஞாயிறும் அடித்தார், அந்த பிட்சருக்குக் காய்ச்சல் என்றார்கள். ஜூலை பாதியில் இந்த வட்டாரத்திலேயே அவரைவிட நன்றாக அடிப்பவர் யாரும் இல்லை என்று ஆனது. ஊர் காரணம் தேட ஆரம்பித்தது. கண்ணாடி மாற்றினார் என்றார்கள். பேட்டை மாற்றினார் என்றார்கள். மனைவி ரோசெல்லா உருளைக்கிழங்கை நிறுத்திவிட்டாள் என்று தேவாலயத்தில் பேசிக்கொண்டார்கள். எனக்குத்தான் இதில் நஷ்டம். அவர் அடிக்கப் போகும்போது இப்போது ஒருவரும் இருக்கையை விட்டு எழுவதில்லை. காலியான ஜன்னலில் எனக்கும் வேலையில்லாததால் நானும் எட்டிப் பார்க்க ஆரம்பித்தேன்.

அப்படிப் பார்த்ததில்தான் எனக்கு விஷயம் பிடிபட்டது. சாசேஜைப் புரட்டும்போது அவர் வாய்க்குள் ஏதோ முணுமுணுப்பார். ஜெபம் என்று நினைத்திருந்தேன். காதைக் கொடுத்துக் கேட்டால், “நேர்… நேர்… வளைவு… நேர்” என்று போகிறது. பிட்சர் கையிலிருந்து பந்து கிளம்பும் முன்பே இவர் சொல்லிவிடுகிறார். சொன்னபடியே பந்து நேராக வருகிறது, அல்லது வளைகிறது. நான் வெங்காயக் கத்தியை வைத்துவிட்டு அவரைப் பார்த்தேன். அவரும் மாட்டிக்கொண்டவர்போல என்னைப் பார்த்தார்.

போன வருடம்வரை அடுப்பு பார்வையாளர் மேடைக்குப் பின்னால், கழிப்பறைப் பக்கம் இருந்தது. காற்று அடித்தால் புகை முழுவதும் ஞாயிற்றுக்கிழமை உடுப்புகள் மேல் போகிறது என்று தேவாலயப் பெண்கள் சண்டை போட்டார்கள். அதனால் வசந்தத்தில் மூன்றாம் பேஸ் பக்கம் வேலியை ஒட்டி சிமென்ட் போட்டு அடுப்பை இங்கே மாற்றினோம். எங்கள் பிட்சரானாலும் எதிரணி பிட்சரானாலும், வலது கைக்காரர் பந்தை எறியும் முன் மூன்றாம் பேஸ் பக்கம் பார்த்துத்தான் நிற்பார். பந்தைக் கையுறைக்குள் வைத்து விரல்களைச் சரிசெய்வதை இந்த இடத்திலிருந்து யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். ஆனால் யாரும் இங்கே நின்று பார்ப்பதில்லை; சாசேஜ் வாங்கியதும் போய்விடுகிறார்கள்.

“சில பேரு விரலைத் தையல் மேல வைப்பான், சில பேரு கட்டை விரலை மடக்குவான்,” என்றார் டெல்மர். “ரெண்டு சுத்து பார்த்தா ஆளைத் தெரிஞ்சிடும். மாடு காலைத் தூக்கப் போகுதுன்னா முன்னாடியே இடுப்பு சொல்லும்ல, அந்த மாதிரி.”

“திருட்டு இல்லையா இது?” என்று கேட்டேன்.

“வேலிக்கு இந்தப் பக்கம் நின்னு பார்க்கிறேன். சாசேஜும் சுடறேன். இதுல திருட்டு எங்க இருக்கு?”

மற்றவர்களிடம் சொன்னால் எல்லாரும் அடிப்பார்களே என்றேன். வரிசையில் முதல் ஆளான கர்ட்டிஸிடம் சொல்லிப் பார்த்ததாகவும், அவன் வளைவு வருமா நேர் வருமா என்று யோசித்துக்கொண்டே நின்று அவுட் ஆனதாகவும் சொன்னார். கர்ட்டிஸ் தபால்காரன், யோசிக்காமல் ஓடினால்தான் அவனுக்கு எதுவும் ஓடும். வெளியூர் ஆட்டங்களுக்கு என்ன செய்கிறாய் என்று கேட்டேன். அங்கேயும் அடுப்படிக்குப் போய், உதவட்டுமா என்று நிற்பாராம். பாதிப் பேர் இவரிடம் சினை ஊசி போட்டுக்கொள்ளும் பண்ணைக்காரர்கள். வேண்டாம் என்று யார் சொல்வார்கள்? எதிரூர் சாசேஜையும் இவரே சுட்டுக் கொடுத்துவிட்டு, எதிரூர் பிட்சரையும் அடித்துவிட்டு வந்திருக்கிறார்.

கடைசியில் குரலைத் தாழ்த்திக்கொண்டு ஒன்று சொன்னார். “நான் அடிக்கிறேனா, இந்த அடுப்பு அடிக்குதான்னு எனக்கே தெரியல மார்லிஸ். அதான் கொஞ்சம் உறுத்துது.” 

மாநிலப் போட்டிக்கு முந்தைய கடைசித் தடை ராஷ்பர்க். மூன்று ஆட்டம்; இரண்டு ஜெயித்தவர் மாநிலத்துக்குப் போகலாம். சரியாக அந்த வாரம் எங்கள் மூன்றாவது ஆள் டிராக்டர் கொக்கியில் விரலை நசுக்கிக்கொண்டார். மூன்றாவது இடம் அணியின் ராஜா இடம். மெர்ல் ஒரு நிமிடம்கூட யோசிக்காமல் டெல்மரை அங்கே ஏற்றினார். ஊரே கைதட்டியது. வேண்டாம் என்று டெல்மர் சொன்னதை, அடக்கமாகப் பேசுகிறார் என்று எடுத்துக்கொண்டார்கள்.

முதல் ஆட்டம் ராஷ்பர்க் மைதானத்தில். மூன்றாவது ஆள் முதல் சுற்றிலேயே பேட்டோடு நிற்க வேண்டும். அடுப்படிக்குப் போக ஏது நேரம்? டெல்மர் முன்பின் பார்க்காத பந்துகளுக்கு முன்னால் நின்று ஒவ்வொரு முறையும் அவுட் ஆனார். நாங்கள் தோற்றோம்.  திரும்பி வரும் வழியில் டெல்மர் வண்டி ஜன்னலுக்கு வெளியே மக்காச்சோளக் காடுகளைப் பார்த்தபடி தோளைத் தேய்த்துக்கொண்டே வந்தார்.

மறு நாள் மாலை மைதானத்தைச் சீர்செய்யும்போது அவர் மெர்லிடம் போனார். நான் வேலிக்கு இந்தப் பக்கம் அடுப்புச் சாம்பலை அள்ளிக்கொண்டிருந்தேன், எல்லாம் கேட்டது.

“என்னை ஒன்பதாவதுல போடு, மெர்ல்.”

“ஒரு ஆட்டம் அடிக்கலன்னா பயந்துட்டியா?”

“பயம் இல்ல. என் இடம் அது.”

“இந்த வட்டாரத்துலயே நல்லா அடிக்கிறவனைக் கொண்டுபோய் வாலுல கட்டினா ஊரே என்னைப் பார்த்துச் சிரிக்கும்டா.”

“மூணாவதுல போட்டா ஊரே அழும். சிரிக்கிறது பரவாயில்ல.”

மெர்ல் காரணம் கேட்டார். டெல்மர் வாயைத் திறக்கவில்லை. அதற்கு நியாயம் உண்டு. மெர்ல் தானியக் கிடங்கு நடத்துகிறார். சோளம் கொண்டுவருகிறவர் யாராக இருந்தாலும், எந்த ஊராக இருந்தாலும், எடை போட்டு முடிப்பதற்குள் மெர்லின் மனசில் இருப்பதெல்லாம் வெளியே வந்துவிடும். ராஷ்பர்க் பண்ணைகளும் அங்கேதான் வருகின்றன.

“ஒன்பதாவதுல போடு, இல்லன்னா என்னைப் போடாத,” என்றார் டெல்மர். “போடலன்னாலும் அடுப்பை நான் பார்த்துக்கிறேன். கோவிச்சுக்கிட்டுப் போக மாட்டேன்.”

இருபது வருடத்துக்கு மேல் ஒரே ஒரு ஆசையோடு ஆடிய மனுஷன், அதையும் விட்டுக்கொடுக்கத் தயாராக நின்றார். ஆனால் குரல் இறங்கவில்லை. மெர்ல் மண்ணை வாருகோலால் இழுத்துக்கொண்டே இருந்தார். டெல்மர் அடுப்படியில் இல்லாவிட்டால் ஜன்னலைத் திறக்க மாட்டேன் என்று நான் வேலிக்குப் பின்னாலிருந்து சொன்னேன். என்னை யாரும் கேட்கவில்லை, ஆனாலும் சொன்னேன். மெர்ல் தொப்பியைக் கழற்றி எறிந்துவிட்டு, நாசமாய்ப் போங்கள் இரண்டு பேரும் என்றார். அதாவது சம்மதம்.

இரண்டாவது ஆட்டம் எங்கள் மைதானத்தில். ஒன்பதாம் ஆள் சாசேஜைப் புரட்டினார், முணுமுணுத்தார், போனார், அடித்தார். நாங்கள் ஜெயித்தோம். மெர்லைப் பார்த்துச் சிரிக்கத் தயாராக வந்திருந்தவர்கள் சிரிப்பை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள்.

கடைசி ஆட்டமும் இங்கேதான், ஞாயிறு பிற்பகலில். கல் குவாரியில் வேலை செய்யும் நெடிய பிட்சரை ராஷ்பர்க் இதற்காகவே மிச்சம் வைத்திருந்தது. இரண்டாம் சுற்றில் எங்கள் ஆட்கள் அடித்துக்கொண்டிருக்கும்போது அவர்களுடைய மேனேஜர் லாம்பர்ட் ஹெக் சாசேஜ் வாங்க வந்தார். பெரிய பண்ணைக்காரர். அவருடைய மாடுகளுக்கும் டெல்மர்தான். கடுகு விழுதை அள்ளிப் பூசிக்கொண்டு, அங்கேயே நின்று மென்றார். டெல்மர் எங்கே பார்க்கிறார் என்று பார்த்தார். பிறகு தானும் அந்தப் பக்கம் பார்த்தார். மெல்லுவது நின்றது.

“இங்கேருந்து எங்க ஆளு நல்லாத் தெரியறான், டெல்மர்.”

“ஆமா. காத்தும் நல்லா வருது.”

“சாசேஜும் நல்லாருக்கு” என்று சொல்லிவிட்டு லாம்பர்ட் மிச்சத்தை அப்படியே குப்பையில் போட்டுவிட்டுப் போனார். நேரே பிட்சரிடம் போய்க் காதில் ஏதோ சொன்னார். அந்த நெடியவன் ஒரு முறை எங்கள் பக்கம் திரும்பிப் பார்த்தான். அதன் பிறகு கையுறையை நெஞ்சோடு அணைத்து விரல்களை மூடிக்கொண்டான். 

டெல்மர் தன் முதல் முறைக்குப் போனார். மூன்று பந்து, மூன்றையும் தொடாமல் அவுட். திரும்பி வந்து அடுப்பருகே நின்றார்.

“மூடிட்டான்” என்றார்.

“இப்ப என்ன பண்ணப் போற?”

அவர் வேலியில் தொங்கிய ஏப்ரனை எடுத்து நாலாக மடித்து என் கையில் கொடுத்தார். “பந்தை மூடி வச்சிருந்தாலும் எறிஞ்சுதானே ஆகணும். வர்றதைப் பார்க்கிறேன். நீ புரட்டு.” பிறகு அணியின் பெஞ்சில் போய் உட்கார்ந்தார். அவர் அங்கே உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. பக்கத்தில் இருந்தவர்களும் எழுந்து இடம் விட்டார்கள்.

ஏழாம் சுற்றில் நாங்கள் ஒரு ஓட்டம் பின்னால் இருந்தோம். இரண்டாம் பேஸில் எங்கள் ஆள் ஒருவன். டெல்மர் போய் நின்றார். முதல் பந்து தவறியது. இரண்டாவதும் தவறியது. அடுத்ததை பேட் விளிம்பால் கோட்டுக்கு வெளியே தட்டினார்; அப்படிப் போனால் அவுட் இல்லை, இன்னொரு பந்து உண்டு. அதற்கடுத்ததையும் அப்படியே. ஒவ்வொரு சுழற்றலுக்கும் இடது தோள் இழுத்துப் பிடிப்பது முகத்தில் தெரிந்தது. வெளியே தட்டிக்கொண்டே இருந்தார், எத்தனை என்று யாருக்கும் நினைவில்லை. பிட்சர் சட்டைக் கையால் நெற்றியைத் துடைத்தான். அடுத்து ஒரு வளைவு கிளம்பியது. டெல்மர் காத்திருந்தார், இன்னும் கொஞ்சம் காத்திருந்தார், அடித்தார். பந்து ஆட்களின் தலைக்கு மேல் போய்ப் புல்லில் விழுந்தது. எங்கள் ஆள் ஓடிவந்து ஓட்டம் எடுக்க, ஆட்டம் சமன் ஆனது.

நான் அழுதுவிட்டேன். வெங்காயம் அதற்கு முன்பே தீர்ந்துபோயிருந்ததால் சொல்லிக்கொள்ளச் சாக்கும் இல்லை. அடுப்பில் சாசேஜ் எல்லாம் கருகிப்போயிருந்தது. அன்று யாரும் அதற்காக என்னைத் திட்டவில்லை.

கடைசிச் சுற்று, ராஷ்பர்க் தன் பங்கை அடித்து முடித்துவிட்டது. இன்னும் சமன். எங்களில் இரண்டு பேர் அவுட். இன்னும் ஒருவர் அவுட் ஆனால் சுற்று முடிந்துவிடும். மூன்றாம் பேஸில் ஒருவன், இரண்டாம் பேஸில் ஒருவன். மூன்றாம் பேஸில் இருப்பவன் வீடு, அதாவது அடிப்பவர் நிற்கும் இடம், வந்து சேர்ந்தால் மாநிலப் போட்டி. வரிசைப்படி அடிக்க வேண்டியவர் டெல்மர்.

அவர் பேட்டோடு நடந்து போகும்போதே லாம்பர்ட் ஹெக் மைதானத்துக்குள் வந்து நான்கு விரல்களைத் தூக்கிக் காட்டினார். அபாயமான ஆள் வந்தால் மட்டும் செய்வார்கள். எட்டாத தூரத்தில் நான்கு பந்து எறிந்து, அவரை அடிக்க விடாமல் முதல் பேசுக்குச் சும்மா அனுப்பிவிடுவார்கள். மூன்றாவது ஆளுக்குச் செய்வார்கள், நான்காவது ஆளுக்குச் செய்வார்கள். ஒன்பதாவது ஆளுக்குப் பயந்து அவரை அனுப்பிவிட்டு, முதல் ஆளை வா என்று கூப்பிட்டதை எங்கள் ஊரில் யாரும் கண்டதில்லை.  வழக்கமாகக் கத்தும் ராஷ்பர்க்காரனும் வாயை மூடிக்கொண்டிருந்தான்.

டெல்மர் லாம்பர்ட்டைப் பார்த்தார். அவருக்கு அடிக்க ஆசை. அந்தத் தோளில் மிச்சமிருந்த கடைசி வீச்சுகளில் ஒன்று அது; தாடை இறுகியதை நான் இங்கிருந்தே பார்த்தேன்.

“விரலை மூடச் சொன்னேன், அப்பவும் அடிச்சிட்ட,” என்றார் லாம்பர்ட். “இதுக்கு மேல உனக்கு நான் பந்து போட மாட்டேன்ப்பா.”

அடிப்பது தானா அடுப்பா என்ற கேள்விக்கு டெல்மருக்கு வேண்டியிருந்த பதில் அதுதான். எட்டாத பந்துகள் நான்கையும் அசையாமல் நின்றபடி போகவிட்டார். பேட்டைத் தரையில் கிடத்திவிட்டு முதல் பேசுக்கு நடந்தார்.

கர்ட்டிஸ் கொதித்துப்போய் வந்தான். ஒன்பதாவது ஆளைவிடத் தன்னை இளப்பமாக நினைத்துவிட்டார்கள் என்ற கோபத்தில், யோசிக்கவே நேரம் எடுக்காமல் முதல் பந்தையே வலது பக்கப் புல்வெளிக்கு விரட்டினான். மூன்றாம் பேஸ் ஆள் கையைத் தூக்கிக்கொண்டு வீடு வந்து சேர்ந்தான். அவ்வளவுதான், ஊர் வேலியைத் தாண்டியது. பீர் கோப்பைகள் பறந்தன. தேவாலயப் பெண்கள் மைதானத்துக்குள் ஓடினார்கள். நானும் இடுக்கியோடு ஓடினேன். எங்கள் ஆட்கள் கர்ட்டிஸ் மேல் குவியலாக விழுந்தார்கள்.

ஆனால் ஆட்டம் முடியவில்லை. பேஸ்களில் ஆள் நிறைந்திருக்கும்போது ஒவ்வொருவரும் அடுத்த பேசை மிதித்தால்தான் அந்த ஓட்டம் செல்லும். கர்ட்டிஸ் முதல் பேசை மிதித்துவிட்டான். இரண்டாம் பேஸில் இருந்தவனும் மூன்றாவதை மிதித்துத் தாண்டிவிட்டான். முதல் பேஸிலிருந்து கிளம்பிய டெல்மர் இரண்டாவதைத் தொட வேண்டும். தொடும் முன் பந்து அங்கே போய்ச் சேர்ந்தால் அவர் அவுட், ஓட்டமும் போய்விடும். இது எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. லாம்பர்ட்டுக்குத் தோன்றியது. “ரெண்டாவது பேசுக்கு! ரெண்டாவது பேசுக்கு எறி!” என்று கூட்டத்துக்கு மேல் அவர் குரல் கேட்டது. மெர்ல் அதற்குள் ஓடிவந்து பாதி வழியில் டெல்மரைக் கட்டிப்பிடித்துத் தூக்கப் பார்த்தார்.

“விடு மெர்ல், இன்னும் முடியல” என்று சொல்லி டெல்மர் தன் மேனேஜரையே நெஞ்சில் கைவைத்துத் தள்ளினார். ஆடிக்கொண்டிருந்தவர்களை வலது தோளால் இடித்து விலக்கிக்கொண்டு ஓடினார். யாரோ தொப்பியைப் பிடித்து இழுக்க, தொப்பி போனது, திரும்பவில்லை. பந்து புல்வெளியிலிருந்து கிளம்பிவிட்டது. அது வந்து சேரும் முன், டெல்மர் க்ரோனர் இரண்டு காலும் சேர்த்து அந்த வெள்ளைப் பேஸ் மேல் குதித்தார். கட்டிப்பிடிக்க வந்தவர்களை ஒரு கையால் தடுத்து நிறுத்தினார். மறு கையால், அம்பயர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு பக்கத்தில் வந்து குனிந்து பார்க்கும்வரை, தன் காலணிகளைச் சுட்டிக்காட்டிக்கொண்டே நின்றார்.